பூரணி கூப்பிட்ட விருந்தாளிங்க

ஒரு பட்டணத்துல, நாலு பக்கமும் வீடுங்க நெருக்கி நிக்க, நடுவுல ஒரே ஒரு புங்கந்தோப்பு. உச்சிவெயில்லயும் உள்ள இருட்டு. ம் கொட்டு, அப்பதான் சொல்லுவேன்.

"ம்."

தோப்போரம் வாய்க்கா, கரையில குடிசைங்க. மழை வந்தா தண்ணி சலசலன்னு உள்ள வந்துரும். அங்க பூரணின்னு ஒருத்தி, இடுப்புல கைக்குழந்தை. நனையாத தரை ஒண்ணு கெடைச்சா போதும்னு தவிச்சவ. தோப்ப வெட்டி வீடு கட்டித் தரப் போறாங்கன்னதும் மொதல்ல பேர் குடுக்க ஓடுனது அவதான்.

மரம் வெட்ட வந்த துரைக்கண்ணு மேஸ்திரி மொத மரத்துல கோடாலியச் சாத்தி வச்சாரு. "இதுல குடியிருக்கவங்க வேற எடம் பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டு, எலை விழற வரைக்கும் காத்திருக்கணும். எலை விழுந்தா அவங்க ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம், அது வழக்கம். எலை விழவே இல்ல. வானம் கருக்குது. பூரணிக்குப் பொறுக்கல.

"எடமில்லன்னா எங்க வீட்டுக்கு வாங்களேன்"னா.

பொலபொலன்னு கொட்டுச்சு எலை.

"அடிப்பாவி, அப்படிச் சொல்லக் கூடாதுடி"ன்னாரு மேஸ்திரி.

அப்புறம் ஒரு வரிசை மரம் போயி, ஒரு வரிசை வீடு வந்துச்சு. மொத வீடு பூரணிக்கு. குடிபோன அன்னிக்கு உச்சிவேளை, டொக் டொக். "பூரணி, மேஸ்திரி வந்திருக்கேன், தொற." தொறந்தா ஆளில்ல. வாசல்ல ஒரு புங்க எலை.

மறுநாளும் டொக் டொக். "அக்கா, துளி உப்பு குடேன்." பக்கத்து வீட்டு அஞ்சலை கொரல். தொறந்தா ஆளில்ல. எலை நடுக்கூடத்துல கெடக்குது.

மூணாம் நாள் கதவு தட்டவே இல்ல. அடுக்களைக்குள்ளேருந்து ஒரு குழந்தை, "அம்மா"ங்குது. அவ குழந்தை மடியில தூங்குது. அதுக்கு இன்னும் பேச்சே வரல.

"ம்."

"யாரு?"ன்னா பூரணி.

"நீதான வரச் சொன்ன?" அவ கொரல்லயே பதில் வருது. "இங்க ஒரு கெளை கூட இல்லியே, எங்கடி உக்கார்றது? மிச்ச மரத்தையும் வெட்டப் போறாங்களாம். அதுல இருக்கவங்களும் இங்கதான் வராங்க."

பூரணி மேஸ்திரிகிட்ட ஓடுனா. "மிச்ச மரத்தத் தொடாதீங்கண்ணே."

"மத்த குடும்பமெல்லாம் எங்க போகும்?"

"மேல போகட்டும். வீட்டு மேல வீடு கட்டுங்க. ஆகாசத்துல எடமா இல்ல?"

"உச்சி மாடிக்கு யாரு புள்ளையத் தூக்கிக்கிட்டு ஏறுவா?"

பூரணி தன் கீழ்வீட்டுச் சாவிய நீட்டுனா. "நான்."

இப்ப உச்சி மாடியில அவ சன்னலத் தொட்டுக்கிட்டு நிக்குது புங்கங்கெளை. வீட்டுக்குள்ள ஒரு எலை கூட வரதில்ல. உச்சிவேளையில மட்டும் கெளையிலேருந்து அவ கொரலே கேக்கும், "பூரணி, சாப்ட்டியா?"ன்னு. "ஆச்சு, நீங்க?"ம்பா. கலகலன்னு அத்தனையும் சிரிக்கும்.

அவங்க கெளைக்குப் போயாச்சு, நீ தூக்கத்துக்குப் போ.

"ம்."

"ம்."

செல்லம், ரெண்டாவது 'ம்' நீ கொட்டலதான? சரி, சரி. சன்னல் பக்கம் திரும்பாம கண்ண மூடு.