ஒரு காதும் பாதித் தாடையும்

முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்ற திரிபுரசுந்தரி, ஐம்பத்தொன்பதாவது வயதில் படம் வரையக் கற்றுக்கொள்ளப் போனாள்.

சொல்லிக் கொடுத்தவன் செல்வின். அவள் வயதில் பாதிகூட இருக்காது. பாளையங்கோட்டையில் ஒரு தையல் கடையின் மாடியில், சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் வகுப்பு. அதிகம் பேசமாட்டான்.

"எதுக்கும்மா வரையணும்?" என்று முதல் நாள் கேட்டான்.

"ரெண்டு மணி நேரமாவது வீட்டை மறந்திருக்கலாம்னுதான் சார்."

அவன் தாளும் பென்சிலும் கொடுத்தான். ஒரு கத்தரிக்காயை அவள் முன்னால் வைத்தான்.

நாலே நிமிஷத்தில் வரைந்து நீட்டினாள். வக்கீல்கள் மூச்சுவிடாமல் பேசுவதை ஒரு சொல் சிந்தாமல் பிடித்த கை அது.

செல்வின் தாளைப் பார்த்தான். காயைப் பார்த்தான்.

"நல்லாருக்கு. ஆனா இது வேற கத்தரிக்காய்ம்மா."

"எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கும்?"

அவன் காயை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் மறுபடி பார்த்தாள். காம்போரம் பூச்சி துளைத்த ஓட்டை அப்போதுதான் கண்ணில் பட்டது.

கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. "சரி சார், ஒரு பொருளை எவ்வளவு நேரம் பார்க்கணும்? சொல்லுங்க, அவ்வளவு நேரம் பார்க்கேன்."

செல்வின் அவள் கையிலிருந்த பென்சிலை வாங்கிக் கீழே வைத்தான். எதிரே உட்கார்ந்து கத்தரிக்காயைப் பார்க்கத் தொடங்கினான்.

அவள் காத்திருந்தாள். கீழே தையல் மிஷின் ஓடியது, நின்றது. இரண்டு தடவை போனை எடுத்து மணி பார்த்தாள். அவன் அசையவில்லை. வேறு வழியில்லாமல் அவளும் பார்த்தாள். வகுப்பு நேரம் முடிந்தது.

"இன்னைக்கு உருப்படியா ஒண்ணும் வரையலையே சார்."

"ஆமா," என்றான். "அடுத்த வாரம் வீட்டுலேர்ந்து ஒண்ணை வரைஞ்சு எடுத்துட்டு வாங்க. தினமும் பார்க்காமத் தாண்டிப் போற எதையாவது."

வீட்டில் கட்டிலில் அவள் கணவர் நெல்லையப்பன் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். பேச்சு போய்விட்டது. வலப்பக்கம் அசையாது. பிள்ளைகள் இல்லை. வந்துபோன உறவும் மெல்ல நின்றுவிட்டது.

அவரை அவள் குறைவில்லாமல்தான் கவனித்துக்கொண்டாள். கஞ்சி ஊட்டும்போது வாயைப் பார்ப்பாள். துடைத்துவிடும்போது முதுகைப் பார்ப்பாள், புண் வந்திருக்கிறதா என்று. முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. கோணிப்போன அந்த முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவோம், அழுதால் வேலை நின்றுவிடும் என்று பயம். வீட்டில் ஒரு குரலாவது கேட்கட்டும் என்று டிவியை நாளெல்லாம் ஓடவிட்டிருந்தாள்.

முதலில் வாளியை வரைந்தாள். பிறகு மாத்திரை டப்பாவை. இரண்டையும் கிழித்துப் போட்டாள்.

புதன்கிழமை மதியம் டிவியை அணைத்தாள். ஸ்டூலை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தாள்.

காதிலிருந்து தொடங்கினாள். காதைப் பார்க்கப் பயமில்லை. வெட்டிவிட மறந்த முடி அங்கே நீண்டிருந்தது. காதுக்குக் கீழே, தாடையில், காய்ந்துபோன ஒரு சின்னக் கீறல். இரண்டு நாள் முன்னால் அவள் சவரம் செய்தபோது பட்டிருக்க வேண்டும். அவளுக்குத் தெரியவில்லை. அவரால் சொல்ல முடியவில்லை.

பென்சில் மெதுவாகப் போனது. தாடையில் பாதி வந்தபோது நிமிர்ந்தாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பென்சில் மடியில் விழுந்தது. அவள் எடுக்கவில்லை. பயந்த மாதிரியே அழுகை வந்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. மூன்று மணிக் கஞ்சியை அன்று நாலரைக்குத்தான் கொடுத்தாள்.

சனிக்கிழமை தாளை செல்வினிடம் நீட்டினாள். ஒரு காது, பாதித் தாடை. மற்றதெல்லாம் வெறும் வெள்ளை.

"யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரக. ரெண்டு வருஷமாப் படுக்கையில இருக்காக."

"மீதி?"

"என்னைப் பார்த்துட்டாக சார். அதுக்கப்புறம் வரைய முடியல." தாளில் வெள்ளையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். "இத்தனை நாளும் பார்த்துக்கிட்டேதான் இருந்திருப்பாக போல."

கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"கண்ணை எப்படி வரையறதுன்னு சொல்லிக் கொடுங்க சார். இன்னைக்கே கத்துக்கிடுதேன்."

செல்வின் தாளை வெகுநேரம் பார்த்தான். பிறகு அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

"ஐயா இப்ப என்ன பண்ணிட்டிருப்பாங்க?"

"பக்கத்து வீட்டு எஸ்தர் துணைக்கு இருக்கா. முழிச்சுக்கிட்டு, வாசலைப் பார்த்தபடி இருப்பாக."

"அப்ப நீங்க ஏம்மா இங்க இருக்கீங்க?"