முதலில் குப்பி

"எடை தெரிஞ்சதையே தினமும் நிறுத்துக்கிட்டு இருந்தா, தெரியாததை எப்ப மேடம் நிறுக்கிறது?"

ஒரு வெள்ளிக்கிழமை தணிகாசலம் இப்படிக் கேட்டார்.

பெனடிக்டா மேசையிலிருந்த சின்னப் பழுப்புக் குப்பியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

தணிகாசலத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டே காலம் தள்ளியவர். மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அங்கே வந்தபோது, அதைக் கற்றுக்கொடுக்க வந்தவள் பெனடிக்டா. அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவள். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

அந்தக் குப்பிதான் அவரைப் படுத்தியது.

அதில் இருந்தது அளவு திருத்தும் கரைசல். அதற்குள் இருக்கும் பொருள்களின் எடை நான்கு தசமம் வரை முன்பே தெரியும். காலையில் முதல் வேலையாக அதை எந்திரத்துக்குள் செலுத்த வேண்டும். எந்திரம் சொல்லும் எடையை உண்மையான எடையோடு ஒப்பிட்டு, விலகலைச் சரிசெய்த பிறகுதான் வேறு எதையும் தொடலாம். அரை மணி நேரம் ஆகும்.

அந்த அரை மணி நேரமும் தணிகாசலம் உட்கார மாட்டார்.

திங்கட்கிழமை காலை ஒரு மாணவியர் விடுதியிலிருந்து சாம்பார் வந்தது. ஞாயிறு மதியம் அதைச் சாப்பிட்ட நாற்பது பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

பெனடிக்டா இன்னும் வரவில்லை. உணவுப் பாதுகாப்பு அதிகாரி இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

தணிகாசலம் சாம்பாரை வடிகட்டிப் பக்குவம் செய்தார். குப்பியைக் கையில் எடுத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். குப்பியைத் திரும்ப வைத்துவிட்டு, சாம்பார்ச் சாற்றை நேராகச் செலுத்தினார்.

திரையில் வந்த எடை, ஒரு பூச்சிமருந்தின் எடையோடு கடைசித் தசமம் வரை ஒத்துப்போனது.

போன் மூன்றாவது முறை அடித்தது.

"பூச்சிமருந்து மாதிரிதான் தெரியுது சார்" என்றார்.

பத்து மணிக்கு பெனடிக்டா வந்தாள். உள்ளே நுழைந்ததுமே நின்று, ஏசியை நிமிர்ந்து பார்த்தாள். அது நேற்றிலிருந்தே ஓடவில்லை. அறையின் சூடு மாறினால் எந்திரம் காட்டும் எடையும் விலகும். குப்பியைப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பிள்ளைகள் உயிர் ஊசலாடும்போது அதற்கெல்லாம் நேரமேது என்றார் அவர்.

அவள் குப்பியைத் திறந்தாள்.

திரையில் எண்கள் வந்தன. ஒன்றுகூடச் சரியில்லை. எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கி நின்றன.

"எந்திரம் பொய் சொல்லுதே மேடம்."

"தினமும் சொல்லும் சார். இன்னிக்கு எவ்வளவுன்னு கேட்டுக்கத்தான் இது."

விலகலைச் சரிசெய்து, சாம்பாரை மறுபடி செலுத்தினார்கள். எடை நகர்ந்தது. பூச்சிமருந்து அங்கே இல்லை. வந்த எடையோ அவர்களிடமிருந்த பட்டியலில் எந்த நஞ்சோடும் சேரவில்லை.

தணிகாசலம் பதறிப்போய் அதிகாரியைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தானே சொல்லிவிடுவதாகச் சொன்ன அதிகாரி, சமையல்காரி பேச்சியம்மாளை ஒரு மணி நேரத்துக்கு முன்பே ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்றார். அவளை விடச் சொல்ல இனி வாய்ச்சொல் போதாதாம், எழுத்தில் வேண்டுமாம்.

"நான் வாயால சொன்னது ஒரே ஒரு வார்த்தை மேடம். அதுக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க."

பெனடிக்டா இரண்டு அளவுகளையும் தாளில் எடுத்துக் கையெழுத்திட்டு அவரிடம் நீட்டினாள். ஆபீஸ் ஆளிடம் கொடுத்தனுப்பலாமா என்று அவர் கேட்டார்.

அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆட்டோ ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. அவரால் உட்கார முடியவில்லை. பாதியில் இறங்கி, வெயிலில் வேகுவேகென்று நடந்தார்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ.யிடம் இரண்டு தடவை விளக்கவேண்டியிருந்தது. கடைசியில் எஸ்.ஐ. தாளை வாங்கிக்கொண்டு, அந்தம்மா போகலாம், கூப்பிட்டால் வரட்டும் என்றார்.

பேச்சியம்மாள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தணிகாசலம் அவள் முன்னால் போய் நின்று, பூச்சிமருந்து என்று சொன்னது தான்தான் என்றும், அது தப்பு என்றும் சொன்னார்.

அவள் முதலில் கேட்டது பிள்ளைகளைப் பற்றி. தேறி வருவதாகவும், கஞ்சி குடித்ததாகவும் எஸ்.ஐ. சொன்னதை அப்படியே சொன்னார்.

அவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்ப அதுல என்னதான் சார் இருந்துச்சு?"

 

"தெரியலம்மா" என்றார் தணிகாசலம். "இன்னும் பார்க்கணும்."

பேச்சியம்மாள் வாசல் பக்கம் ஓரடி வைத்துத் திரும்பினாள்.

"காலையிலேருந்து வந்தவங்க எல்லாருக்கும் அது என்னன்னு தெரிஞ்சிருந்துச்சு சார்" என்றாள்.