மேகத்துக்கு மேல நிலா

லைட்ட அணைக்கவா? வேணாமா? சரி, எரியட்டும். அத்தை கதை சொல்றேன், ஆனா "ம்" கொட்டணும். நீ தூங்கிட்டா நான் சுவத்துக்கா சொல்லுவேன்?

ஒரு ஊர்ல ஒரு பணியாரக்காரி இருந்தா. பேரு வெள்ளத்தாயி. அவளுக்கு மரகதம்னு ஒரே பொண்ணு. வீட்டு வாசல்லயே கல்லு போட்டு சுடுவா, சொய்ங் சொய்ங்னு. வாசலுக்கு முன்னாடி ஒரு பெரிய சாக்கடை.

அப்போதான் அந்த ஊருக்குப் புதுசா கரண்டு வெளக்கு வந்துது. வந்த அன்னைக்கு ஒரு தாத்தா கம்பத்துக்குக் கீழ நின்னு உஃப் உஃப்னு ஊதிப் பாத்தாரு, அணையவே இல்ல. சிரிக்காத, நீயா இருந்தாலும் ஊதியிருப்ப.

வெளக்குக்கெல்லாம் ஒரு இன்ஸ்பெக்டர், தண்டபாணின்னு பேரு. சாயங்காலமானா பஞ்சாங்கத்தப் பாப்பாரு. பௌர்ணமிக்கு முன்னாடி நாலு நாள், பின்னாடி நாலு நாள் லைட்டே போட மாட்டாரு. நிலா இருக்கறப்போ லைட்டு எதுக்குன்னு எண்ணெய் வெளக்கு காலத்துச் சட்டம். கரண்டு வந்தும் சட்டத்த மாத்தல. மழைக்காலத்துல மேகம் மூடி ஊரே கும்மிருட்டா கெடக்கும். ம் சொல்லு.

அப்புறம் என்னாச்சு, ஒரு பௌர்ணமி அன்னைக்கு மரகதத்தப் பொண்ணு பாக்க வந்தாங்க. நல்ல மழை மேகம், லைட்டும் இல்ல. மாப்பிள்ளையோட அம்மா தொபுக்னு சாக்கடைல விழுந்தாங்க. எந்திரிச்சு, சேலையப் பிழிஞ்சுகிட்டே, "சகுனம் சரியில்ல"ன்னு போயே போயிட்டாங்க.

பாவம் மரகதம், அழுது அழுது மூக்கெல்லாம் செவந்துபோச்சு. அடுத்து ஒரு எடத்துல கேட்டாங்க. அவங்களும் வர்ற பௌர்ணமிதான் நல்ல நாளுன்னுட்டாங்க. இந்தத் தடவையும் யாராவது விழுந்தா, ராசியில்லாத பொண்ணுன்னு ஊரே பேரு வச்சிரும். வெள்ளத்தாயிக்கு சோறு எறங்கல.

அப்போ அவ இன்ஸ்பெக்டர்கிட்டப் போனா. "ஐயா, பௌர்ணமி அன்னைக்கு மட்டும் எங்க தெரு லைட்டப் போடுங்க."

"அன்னைக்குதான் நிலா இருக்கேம்மா."

"மேகம் மூடிக்குதுங்களே."

"மேகத்துக்கு மேல இருக்கும்ல?"

எப்பிடி ஆளு பாரு. அப்புறம் ரெண்டாவது தடவை, பௌர்ணமிக்கு முந்தின நாளு, சுடச்சுட பணியாரம் கொண்டுபோனா. பதினோரு பணியாரம், லபக் லபக்னு உள்ள போச்சு. பின்பக்கம் போய் சாவகாசமா கை கழுவிட்டு வந்து, "பணியாரம் பிரமாதம், லைட்டு கெடையாது"ன்னாரு. வெள்ளத்தாயிக்கு வந்துச்சு பாரு கோவம். எனக்கே வருது.

அப்புறம் மூணாவது தடவை, பௌர்ணமி அன்னைக்குக் காலைல போனா. இந்தத் தடவை கூடைல பணியாரத்துக்கு அடில என்ன இருந்துச்சு தெரியுமா? போன வருஷத்துப் பஞ்சாங்கம். பணியாரம் சுத்தறதுக்கு அட்டையையும் முன்னால உள்ள தாளையும் ஏற்கனவே கிழிச்சிருந்தா, எந்த வருஷம்னே தெரியாது. அவரு கை கழுவப் போனாரு. இவ சரக்னு இத மேசைல வச்சு, அங்க இருந்த அவரோட அட்டை கிழிஞ்ச பஞ்சாங்கத்தக் கூடைல போட்டுகிட்டா.

சாயங்காலம் அவரு பஞ்சாங்கத்தப் பாத்தாரு. வளர்பிறை மூணாம் நாளுன்னு போட்டிருக்கு. தலையச் சொறிஞ்சாரு. அச்சுல தப்பு வருமா, நமக்குதான் நாள் கொழம்பிப்போச்சுன்னு, டக்குனு சுவிட்சப் போட்டாரு.

தெருவே பளீர்னு ஆயிருச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒவ்வொருத்தரா சாக்கடையத் தாண்டிக் குதிச்சு வந்தாங்க. மரகதத்தப் பாத்தாங்க, பிடிச்சுப்போச்சு, அன்னைக்கே தாம்பூலம் மாத்திட்டாங்க.

பழைய எடத்துல பஞ்சாங்கத்தத் திருப்பி வைக்கணும்ல? கல்யாண சந்தோஷத்துல வெள்ளத்தாயி சுத்தமா மறந்துட்டா. தூங்கிட்டியா? ம். சரி.

ரெண்டு வாரம் கழிச்சு அமாவாசை. போன வருஷத்துப் பஞ்சாங்கத்துல பாத்தா, பௌர்ணமி முடிஞ்சு மூணே நாளுதான் ஆகுது. லைட்டு போடல. இன்ஸ்பெக்டருக்குப் பணியார ஆசை வந்து, நிலாவத் தேடிகிட்டே, வானத்தப் பாத்துகிட்டே நடந்து வந்தாரு. தொபுக்!

வெள்ளத்தாயி சிம்னி வெளக்கோட ஓடி வந்தா. கழுத்து வரைக்கும் சேறு, மீசைல சேறு.

"ஏம்மா, மேகமே இல்லையே, நிலா எங்கம்மா?"

"பஞ்சாங்கத்துல இருக்குங்க"ன்னு கையக் குடுத்துத் தூக்கிவிட்டா.

மறுநாள்லேருந்து பௌர்ணமி, அமாவாசை எல்லா நாளும் லைட்டு எரிஞ்சுது.

ஒரு வாரம் கழிச்சு பணியாரம் வாங்க வந்தாரு, சாக்கடைய நல்லாப் பாத்துத் தாண்டி. கக்கத்துலேருந்து ஒரு புத்தகத்த எடுத்தாரு. அட்டையில்லாத பஞ்சாங்கம், தாளெல்லாம் எண்ணெய்க் கறை.

"இதுலயே சுத்திக் குடும்மா"ன்னாரு.

அவருக்குத் தெரிஞ்சிருச்சான்னா கேக்கற? தெரியாமயா அத எடுத்துகிட்டு வந்தாரு. வெள்ளத்தாயி தலையக் குனிஞ்சுகிட்டே சுத்துனா, பதினோரு பணியாரத்துக்கு மேல ஒண்ணு கூடவே வச்சு.

பணியாரமும் தீந்துது, கதையும் தீந்துது. ஜன்னல்ல பாரு, தெரு லைட்டு எரியுது, பயமில்ல. இப்போ இத அணைக்கறேன், கண்ண மூடு தங்கம். டக்.