முதல் தட்டு

கிறிஸ்தவ ஆயர் வாலரன் மலையூர் ஒன்றில் புதுக்கோயிலை அர்ச்சித்துத் திறக்க வந்திருந்தார். பழைய கோயில் தீயில் எரிந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அந்த மக்கள் ஞாயிறுதோறும் ஏழு மைல் நடந்து பக்கத்து ஊர்ப் பூசைக்குப் போய்வந்தார்கள்.

சடங்கு முறையெல்லாம் ஆயருடன் வந்த திருத்தொண்டர் ஹம்பர்ட்டின் பொறுப்பு. ஆயரைவிட ஏழு வயது மூத்தவர். ஆனாலும் அவரையே குருவாக ஏற்றுக்கொண்டவர். சடங்கில் ஓர் எழுத்துப் பிசகினாலும் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

முறை இதுதான். கோயில் சாத்தியிருக்கும். உள்ளே ஹம்பர்ட் மட்டும் நிற்பார். ஆயர் கோயிலை வெளியே சுற்றிவந்து செங்கோலால் கதவைத் தட்டுவார். இப்படி மூன்று சுற்று, மூன்று தட்டு. மூன்றாவது தட்டுக்குத்தான் கதவு திறக்க வேண்டும்.

முதல் தட்டு விழுந்தது. ஹம்பர்ட் திறந்துவிட்டார்.

வெளியே அடைமழை. ஆயர் ஒரு நொடி திகைத்தார். பிறகு உள்ளே நுழைந்தார். அவர் பின்னால் ஊரே திமுதிமுவென்று நுழைந்துவிட்டது.

ஹம்பர்ட் பதறி ஓடி வந்தார். ஆயரைத் தூண் மறைவுக்கு அழைத்துப் போனார்.

“ஆண்டகையே, காரியத்தைக் கெடுத்துவிட்டேன். முறை தவறிவிட்டது. இப்படியே விட்டால் இந்தச் சனங்கள் கோயில் என்று நம்பி வெறும் கட்டடத்தில் மண்டியிடுவார்கள்.”

“ஏன் திறந்தீர்கள்?”

“கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. கை தானாகப் போய்விட்டது.”

“இப்போது என்ன செய்யலாம்?”

“முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் இன்று போனால் மறுபடி வர மூன்று வருடம் ஆகும். எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்த வேண்டியதுதான்.”

“நல்லது. அனுப்பிவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.”

ஹம்பர்ட் விறுவிறுவென்று நடந்தார். கதவருகே அந்தக் குழந்தையின் தாய் தலைத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் பூரிப்பாகச் சிரித்தாள்.

“ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை சாமி!”

ஹம்பர்ட் அவளைத் தாண்டிப் போனார். அடுத்தாற்போல் ஒரு கல்தச்சன், தான் செதுக்கிய தூணைத் தொட்டுப் பார்க்கும்படி தன் கண் தெரியாத அப்பாவின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தான். அவனையும் வெளியே போகச் சொல்ல மனம் வரவில்லை. பாவம், போன வேகத்தில் திரும்பிவிட்டார்.

“அனுப்பிவிட்டீர்களா?”

“இல்லை. என்னால் முடியவில்லை.”

ஆயருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அர்ச்சிப்புத் தைலக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பீடத்தை நோக்கி நடந்தார். ஹம்பர்ட் விடாமல் பின்னாலேயே போனார்.

“ஆனால் ஆண்டகையே, புத்தகத்தில் மூன்று தட்டு என்றல்லவா இருக்கிறது?”

“இருக்கிறது ஹம்பர்ட். முதல் தட்டு காதில் விழாதவர்களுக்காக மற்ற இரண்டையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.”