லீனா ஓடினால் பிஸ்டன் உருகும்

கருமத்தம்பட்டியில் ‘புயல் ரேஸிங் கிளப்’ என்று ஒன்று இருந்தது. அதில் தலைவர், செயலாளர், பொருளாளர் என மூன்று பேர். உறுப்பினர் என்று தனியாக யாரும் கிடையாது. தலைவர் ரங்கதுரையிடம்தான் கார் இருந்தது. கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கார். செயலாளர் தங்கவேலுவுக்கு உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து உண்டு. பொருளாளர் மோகனசுந்தரம் அந்தக் கருத்துக்கெல்லாம் தலையாட்டுவான். கார் முழுக்க நெருப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அதிலிருந்து வேகம் வரும் என்று நம்பினார்கள். வரவில்லை.

இவர்களை அன்னூர்க்காரர்கள் பந்தயத்துக்குக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, மனை விற்காமல் கிடந்த ஒரு லேஅவுட்டின் தார் ரோட்டில். தோற்றவர்கள் மீசையை எடுத்துவிட வேண்டும்.

ரங்கதுரையின் மீசை லேசுப்பட்டதல்ல. அதைப் பார்த்துத்தான் பெண் வீட்டார் சம்மதித்தார்கள் என்று அவனே சொல்லுவான். அந்த முகத்தில் வேறு எதைப் பார்த்தும் சம்மதித்திருக்க முடியாது என்பதால் ஊரும் அதை நம்பியது.

“டர்போ போட்டா ஜெயிச்சரலாம் மாப்ள,” என்றான் தங்கவேலு. மோகனசுந்தரம் தலையாட்டினான். உக்கடத்தில் ஜபருல்லா பாய் பட்டறைக்குப் போய் டர்போவை மாட்டிக்கொண்டார்கள்.

கையைத் துடைத்துக்கொண்டே பாய் சொன்னார்: “நல்லாக் கேட்டுக்கங்க தம்பிகளா. டர்போ காத்தை அமுக்கி என்ஜினுக்குள்ள தள்ளும். காத்து ஏறுனா பெட்ரோல் பிரஷரும் கூடவே ஏறணும். ஏறலைன்னா லீனா ஓடும். லீனா ஓடுச்சுன்னா பிஸ்டன் உருகிப் போயிரும். பெரிய பம்பும் ரெகுலேட்டரும் போடணும், வண்டியை விட்டுட்டுப் போங்க.”

காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்துவிட்டால் பட்டறையில் அதை ‘லீன்’ என்பார்கள். பாய் சொன்னது அதைத்தான். மூவருக்கும் கேட்டது வேறு.

“நாளைக்கே பந்தயமுங்க பாய். பிரஷரை நாங்களே ஏத்திக்கறோம்,” என்றான் ரங்கதுரை.

பாய் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பிரஷர் மீட்டரை மாட்டிவிட்டு, “முள்ளு மேலயே கண்ணு இருக்கட்டும். முள்ளு இறங்குச்சுன்னா அந்த நிமிஷமே காலை எடுத்துரணும்,” என்று சொல்லி அனுப்பினார்.

அன்று மத்தியானம் கிளப் கூடியது.

“பிரஷரை எப்படிடா ஏத்தறது?” என்றான் தலைவர் ரங்கதுரை.

செயலாளர் தங்கவேலு கண்ணை மூடி யோசித்தான். “உங்க மாமனாருக்கு எப்படி ஏறுச்சு?”

“கருவாடு, ஊறுகாய், அப்பளம். டாக்டர் உப்பையே தொடக் கூடாதுன்னுட்டாரு.”

“அப்ப உப்புத்தான். தொட்டா ஏறுது, விட்டா இறங்குது.”

“தூள் உப்பா, கல் உப்பா?” என்று கேட்டான் மோகனசுந்தரம்.

“ரேஸ் வண்டிக்குக் கல் உப்புத்தான்டா. தூள் உப்பெல்லாம் குடும்ப வண்டிக்கு.”

பெட்ரோல் டேங்கில் கல் உப்பைப் போட்டு வண்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினார்கள். கரைந்திருக்கும் என்று தங்கவேலு சொன்னதும் நிறுத்தினார்கள்.

அடுத்தது லீனா விவகாரம். சர்ச் வீதியில் லீனா என்று ஒரு பெண் இருந்தது. போலீஸ் வேலைக்கு உடற்தகுதித் தேர்வு நெருங்கியதால் தினமும் காலையில் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி ஓடும். இது பாய்க்கு எப்படித் தெரிந்தது என்று மூவரும் வியந்தார்கள். பெரிய மெக்கானிக் என்றால் சும்மாவா?

லீனா வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

“ஏனுங்க, நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீங்க ஓடாம இருக்கோணும்,” என்றான் ரங்கதுரை.

“எதுக்கு?”

“நீங்க ஓடுனா எங்க பிஸ்டன் உருகிருமுங்க.”

லீனாவின் முகம் மாறியது. “யார் அந்த பிஸ்டன்?”

“எங்க வண்டியிலதான் இருக்குதுங்க. நீங்க ஓடாத வரைக்கும் ஒரு தொந்தரவும் பண்ணாது.”

“என்னைப் பார்த்து எவனும் உருக வேண்டாம்னு போய்ச் சொல்லுங்க! இன்னொரு தடவை இந்தப் பேச்சை எடுத்தீங்க, மூணு பேரையும் ஸ்டேஷன்ல உட்கார வெச்சுருவேன்!”

கதவு சாத்தப்பட்டது.

“பாத்தியா, உருக வேண்டாம்னு அந்தப் புள்ளையே சொல்லிருச்சு,” என்றான் தங்கவேலு. மோகனசுந்தரம் தலையாட்டினான். மூவரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

இந்த பிஸ்டன் என்பவன் நாளைக்கு மைதானத்தில் வந்து நிற்பானோ என்று லீனா சந்தேகப்பட்டது. அதனால் மறுநாள் ஓடுவதற்கு ஆளில்லாத வேறு இடத்தைத் தேர்ந்தெடுத்தது. அதுதான் அந்த லேஅவுட்.

பந்தயம் தொடங்கியது. ஆச்சரியம் என்னவென்றால், வண்டி பறந்தது. அன்னூர் கார் பின்னால் புள்ளியாகத் தெரிந்தது. ரங்கதுரை ரோட்டைப் பார்க்கவே இல்லை. கண் முள்ளின் மேலேயே இருந்தது. “ரோடு நேராத்தான் இருக்குது, நீ முள்ளைப் பாரு,” என்று பக்கத்திலிருந்து தங்கவேலு தைரியம் சொன்னான். தன் வாழ்நாளில் ஒரு தடவையாவது ஜெயிக்கப்போகிறோம் என்று ரங்கதுரை ஒரு கையால் மீசையை முறுக்கினான்.

அப்போது குறுக்குத் தெருவிலிருந்து லீனா ஓடி வந்தது. அதே நேரத்தில் டேங்கின் அடியில் கிடந்த உப்பு போய் பம்பை அடைத்தது. முள் சரசரவென்று இறங்கியது.

“லீனா ஓடுதுடா!” என்று பின்சீட்டிலிருந்து கத்தினான் மோகனசுந்தரம்.

“காலை எடு!” என்று கத்தினான் தங்கவேலு.

ரங்கதுரை இரண்டு காலையும் எடுத்து சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். பிரேக்கை மிதிக்கக் கீழே கால் இல்லை. வண்டி தன் இஷ்டத்துக்கு ரோட்டை விட்டு இறங்கி, மக்காச்சோளக் காட்டுக்குள் போய் நின்றது. அன்னூர் கார் முதலில் வந்தது. லீனா இரண்டாவது.

“வாக்குக் குடுத்துட்டு இப்படிப் பண்ணிருச்சே,” என்று தங்கவேலு வருத்தப்பட்டான்.

மூன்று மீசையும் அங்கேயே போயின. ரங்கதுரை வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்த மனைவி, “அவரு வெளிய போயிருக்காருங்க, அப்புறமா வாங்க,” என்று சொல்லிச் சாத்திவிட்டாள்.

கயிறு கட்டி வண்டியை உக்கடத்துக்கு இழுத்துப் போனார்கள். டேங்கைக் கழற்றிய பாய் உள்ளேயிருந்து உப்பை அள்ளி எடுத்தார்.

“பத்தலைங்களா பாய்?” என்று மெதுவாகக் கேட்டான் தங்கவேலு.

பாய் டர்போவைக் கழற்றி எடுத்துவிட்டு, டேங்கைக் கழுவி மாட்டினார். “போங்கடா. இனிமே இந்த வண்டிக்கு உப்பைக் கண்ணுலகூடக் காட்டக் கூடாது!” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மீசை பாதி வளர்ந்திருந்த சமயத்தில், மாமனார் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போகச் சொன்னார். மூவரும் அவரைப் பின்சீட்டில் உட்கார வைத்துப் புறப்பட்டார்கள். தூத்துக்குடியைத் தாண்டியதும் ரோட்டோரம் வெள்ளை வெளேரென்று உப்பளம். கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் உப்பு மலை மலையாகக் குவிந்திருந்தது.

ரங்கதுரை பதறிப்போய் பிரேக்கை அழுத்தி மிதித்தான்; மிதித்த காலை எடுக்கவே இல்லை. தங்கவேலு குதித்து இறங்கி ஓடிப்போய், இரண்டு ஹெட்லைட்டையும் துண்டால் கட்டினான். மாமனார் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, எதிரே வந்த ஒருவரிடம் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கப் போனார்.

வண்டிக்குப் பின்னால் போன மோகனசுந்தரம், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே ஒன்றைக் கண்டுபிடித்தான்.

“அய்யய்யோ, பின்னாடியும் ரெண்டு கண்ணு இருக்குதுடா! எல்லாத்தையும் பாத்துருச்சு! அழுது அழுது எப்படிச் சிவந்து கிடக்குது பாரு!”

ரங்கதுரை சீட்டிலிருந்தே பின்னால் எட்டிப் பார்க்கத் திரும்பினான். திரும்பியதில் கால் பிரேக்கை விட்டு நழுவியது.

“இப்ப?” என்று கேட்டான்.

மோகனசுந்தரம் குனிந்து உற்றுப் பார்த்தான்.

“தூங்கிருச்சு. சத்தம் போடாம தள்ளு.”