விதைக்கு விட்ட சுரைக்காய்

எல்லா மலைகளுக்கும் பேர் வைத்து முடியாத காலத்தில், ஒரு மலையடிவாரத்தை ஒரு ராஜா ஆண்டுவந்தார். பல்லக்கு இருந்தும் நடந்தே போவார். ஆட்கள் இருந்தும் தாமே விதைப்பார். கோபம் வந்தாலும் மெதுவாகவே பேசுவார். இப்படி ஒரு ராஜா எந்தச் சரித்திரத்திலும் இல்லையே என்று கேட்கிறவர்கள், கேட்டுவிட்டு உட்காருங்கள்.

அந்த ராஜா வெறும் பொட்டலில் தம் கையாலேயே ஒரு தோட்டம் போட்டார். போக்கிடம் இல்லாமல் நின்ற இஞ்ஞாசியையும் அவன் மனைவி கித்தேரியையும் கூட்டிவந்து அங்கே குடிவைத்தார். வாழை உங்களுக்கு, கத்தரி உங்களுக்கு, கீரை உங்களுக்கு என்றார். பிறகு பந்தலின் நடுவில் சிவப்புத் துணி கட்டித் தொங்கிய ஒரு சுரைக்காயைக் காட்டினார்.

“இது மட்டும் விதைக்கு விட்டது. இதை அறுத்தால் அடுத்த வருஷம் பந்தலில் காய் இருக்காது. நீங்களும் இங்கே இருக்க மாட்டீர்கள்.”

இருவரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.

ஒருநாள் வேலியோரம் ஒரு நரி வந்து, காய் நன்றாக இருக்கிறதே என்றது. மறுநாள் வந்து, நல்லதை ராஜா தமக்கென்று வைத்துக்கொண்டார் போல என்றது. மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லாமல் இஞ்ஞாசியைப் பார்த்துப் பரிதாபமாகப் பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சுதான் அவனை உறுத்தியது. நரிக்கும் சுரைக்காய்க்கும் என்ன சம்பந்தம் என்று அவன் யோசிக்கவில்லை. அரிவாளை எடுத்தான். கித்தேரி அடுப்பை மூட்டினாள்.

கிறிஸ்தவ வேதத்தில் முதல் மனிதர்கள் இருந்த ஏதேன் தோட்டத்திலும் இதுதான் நடந்தது. அங்கே பழம், இங்கே காய். (அந்தப் பழம் ஆப்பிள் என்று வேதத்தில் எங்கும் எழுதவில்லை. ஆனாலும் படம் வரைகிறவர்கள் கேட்பதில்லை.) ஏதேன் பழம் பார்வைக்கு இன்பமாயிருந்ததாம். இவர்கள் காய்க்கு அந்தப் பெருமையும் இல்லை. முற்றிய சுரை எவ்வளவு கொதித்தும் வேகவில்லை. பாயை மென்றதுபோல் இருந்தது. ஆனாலும் அறுத்துவிட்ட வீம்பில் தின்று தீர்த்தார்கள். பானையின் அடியில் விதைகள் வெந்து வெளுத்துக் கிடந்தன.

அவற்றைப் பார்த்ததும்தான் இஞ்ஞாசிக்கு ராஜா சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு பிஞ்சைப் பறித்து, பழைய காம்போடு வாழைநாரால் சேர்த்துக் கட்டி, சிவப்புத் துணியையும் சுற்றிவிட்டான். அது உச்சிவெயிலில் சுருங்கியது. இன்னொன்றைக் கட்டினான். அதுவும் சுருங்கியது. மூன்றாவதைக் கட்டும்போது கொடியே அறுந்து விழுந்தது. மறைக்கப்போய், மிச்சம் இருந்ததையும் கெடுத்தான்.

சாயங்காலம் ராஜாவின் காலடிச் சத்தம் கேட்டது. இருவரும் வாழைக்குப் பின்னால் பதுங்கினார்கள். அந்த வாழையை நட்டவரே அவர்தான்.

“இஞ்ஞாசி, எங்கேப்பா இருக்கே?”

அவன் குதிகால் வெளியே தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் ராஜா கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பைத் தாங்காமல் இஞ்ஞாசி வெளியே வந்தான். வந்ததும், “இவதான் மகாராசா அடுப்பு மூட்டினா” என்றான்.

“அறுத்துக் கொண்டுவந்து நீட்டினது யாராம்?” என்றாள் கித்தேரி. “பச்சையாவே தின்னிருக்க வேண்டியதுதானே?” பிறகு அவளும் குரலைத் தாழ்த்தி, நரி சொன்னது என்றாள்.

ராஜா குனிந்து பானையைப் பார்த்தார். வெந்த விதை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் இஞ்ஞாசி பிழைத்திருப்பான். காயை அறுத்த வெட்கத்தைவிட, பெண்டாட்டியைக் காட்டிக்கொடுத்த வெட்கம் அவனைச் சுட்டது.

“நான்தான் அறுத்தேன்” என்றான். அது சத்தமாக வரவில்லை.

சொன்ன சொல் சொன்னதுதான். அன்றே அவர்கள் வெளியேற வேண்டியிருந்தது. வாசலுக்கு அப்பால் முள்ளும் கல்லுமான தரிசு. அங்கே இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வெட்டலாம், கொத்தலாம், எதை விதைப்பது?

பின்னால் யாரோ நடந்துவரும் சத்தம். ராஜாதான். அரண்மனைப் பந்தலில் தமக்கென்று விதைக்கு விட்டிருந்த ஒரே காயை அறுத்துக் கையில் கொண்டுவந்திருந்தார். காய்ந்து முற்றிய காய். உள்ளே விதைகள் சலசலத்தன. இனி அவர் பந்தலுக்கு விதை இல்லை.

தரிசில் உட்கார்ந்து, கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, முதல் குழியை அவரே தோண்டினார்.

இஞ்ஞாசி நிமிரவில்லை. “நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இதை வாங்குவேன் மகாராசா?”

“மூஞ்சி எதுக்குப்பா? கையை நீட்டு.”

குனிந்த தலை குனிந்தபடியே, அவன் நீட்டினான்.

கடவுளின் சொல்லை மீறினவன் தன் இடத்தை இழந்து வெட்கப்பட்டே தீரவேண்டும், ஆனால் அவனைத் தேடி அவர் அருள் வாசலைத் தாண்டியும் வரும்.