தலை தட்டிய கரண்டி

“இனிமே என்னால முடியாது, தாயே. வேற யாரையாவது சமைக்கச் சொல்லுங்க.”

மலைமேல் இருந்த மடத்தில் சமைக்கும் அரியநாயகம் அங்கே சேர்ந்து ஒன்பது வருடம். வயது அறுபத்தேழு. குருவான நாச்சியார் அம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

அம்மைக்குச் சிறுநீரகம் பழுது. நாளுக்கு மூன்று கிராம் உப்புதான் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது.

மடத்தில் தராசு கிடையாது. அரியநாயகம் தினமும் காலையில் கடைத்தெருவுக்கு இறங்கி, நாட்டு மருந்துக் கடையில் உப்பை நிறுத்து வாங்கி, மறுபடி மேலே ஏறுவார்.

முழங்கால் விட்டுப்போனது. ஒருநாள் சின்னக் கரண்டி ஒன்றையும் கொண்டுபோனார். தலை தட்டி அளந்தால் சரியாக மூன்று கிராம். அன்றோடு நடை நின்றது.

இப்போது அம்மையின் கால்கள் மறுபடி வீங்கிவிட்டன.

“டாக்டர் என்னைத்தான் ஏசினார். அதே கரண்டி, தாயே. ஒருநாள்கூடக் குவிச்சு அள்ளினதில்ல.”

“எதை அள்ளினீங்க?”

“உப்பைத்தான்.”

“எந்த உப்பை?”

அரியநாயகம் உப்பு ஜாடியைத் திரும்பிப் பார்த்தார். பத்து நாளைக்கு முன்னால் கல்லுப்பு தீர்ந்துபோயிருந்தது. யாரோ கொடுத்துவிட்டுப் போன பொடியுப்பு பாக்கெட்டைத்தான் ஜாடியில் கொட்டியிருந்தார்.

ஜாடியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் கடைக்குப் போய்ச் சேர முடிந்தது.

கடைக்காரர் நிறுத்துப் பார்த்தார்.

“நாலரை.”

“இன்னொரு தடவை போடுங்க.”

“எத்தனை தடவை போட்டாலும் நாலரைதான் அய்யா. கல்லுக்கு நடுவுல சந்து இருக்கும். பொடி அடைச்சுக்கும்ல?”

திரும்பி வரும்போது உச்சிவெயில். அம்மை சுவரில் சாய்ந்து கால்களை நீட்டியிருந்தாள். அவர் அந்தக் கால்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“என் கையாலேயே உங்களுக்கு விஷம் வச்சிருக்கேன்.”

அம்மை தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அப்போதுதான் அவருக்கு ஒன்று தோன்றியது. மெதுவாகக் கேட்டார்.

“உப்பு கூடினது உங்களுக்குத் தெரியலையா, தாயே?”

“முதல் நாளே தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவள் என்று ஊரே கும்பிடும் அந்தப் பெண், தன் வீங்கிய பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரசம் நல்லா இருந்துது, அய்யா.”